பிள்ளைகளின் சுற்றுலா ஒருவர் தலைச்சுமையா?

விடுமுறை நாளில் ஆற்றிலோ அணையிலோ பிள்ளைகள் மூழ்கிப்போன செய்தி வந்ததும் ஊர் கேட்கும் முதல் கேள்வி, "யார் கூட்டிக்கிட்டுப் போனது?" என்பதுதான். பதிலாக ஒரு பெயர் கிடைக்கும். வழக்கு, பணியிடை நீக்கம், பெற்றவர்களின் சாபம் எல்லாம் அந்தப் பெயர்மீது விழும். அத்தனை பிள்ளைகளையும் ஒருவரோ இருவரோ மட்டும் ஏன் கட்டி மேய்க்க வேண்டியிருந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

2023 பிப்ரவரி 15ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டம் பிலிப்பட்டி அரசு நடுநிலைப் பள்ளி மாணவிகள் திருச்சி மாவட்டம் தொட்டியத்துக்குக் கால்பந்து விளையாடப் போனார்கள். ஆட்டம் முடிந்து மாயனூர் கதவணையைப் பார்க்கச் சென்ற இடத்தில் காவிரியில் இறங்கினார்கள். நான்கு சிறுமிகள் கரையேறவில்லை. தலைமை ஆசிரியரும் இரண்டு ஆசிரியர்களும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அத்தோடு அந்தச் செய்தி முடிந்தது. அடுத்து ஒரு பள்ளி பிள்ளைகளை வெளியூர் கூட்டிப்போகும்போது எத்தனை பேர் போக வேண்டும், யார் எதைப் பார்க்க வேண்டும் என்ற பேச்சு ஊர்களில் எழவே இல்லை.

உலக சுகாதார அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் இறப்புக் காரணங்களில் நீரில் மூழ்குவதை மூன்றாவது இடத்தில் வைக்கிறது. காய்ச்சலுக்கும் சாலை விபத்துக்கும் பயப்படும் நாம் தண்ணீருக்கு அந்த அளவு பயப்படுவதில்லை.

போகாதே என்றால் நின்றுவிடுவார்களா?

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் பெரியவர்கள் எடுக்கும் முடிவு ஒன்றுதான்: "டூரே வேணாம்." பள்ளிகள் நிறுத்துகின்றன. ஜமாத்திலும் கோயில் விழாக் குழுவிலும் தேவாலய இளைஞர் கூட்டத்திலும் "எதுக்கு வம்பு" என்கிறார்கள்.

ஆனால் பிள்ளைகள் நிற்பதில்லை. நம் கடலூர் மாவட்டத்திலேயே, 2022 ஜூன் 5 அன்று, நெல்லிக்குப்பம் அருகே ஏ.குச்சிப்பாளையத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கப் போன ஏழு பெண் பிள்ளைகள் மூழ்கி இறந்தார்கள். அவர்களை எந்தப் பள்ளியும் கூட்டிப்போகவில்லை. எந்த மன்றமும் திட்டம் போடவில்லை. வெயில் காலம், ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் தண்ணீர். பிள்ளைகள் போனார்கள்.

பையன்கள் இன்னும் எளிதாகப் போகிறார்கள். ஒரு பைக்கில் மூன்று பேர், வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு, அரை மணி நேரத்தில் பத்து பேர் சேர்ந்துவிடுகிறார்கள். எங்கே போகிறார்கள் என்பது வீட்டுக்குத் தெரியாது. ஊர் முன்னின்று நடத்தும் சுற்றுலாவை நிறுத்தினால் யாரும் முன்னிற்காத சுற்றுலா பெருகும். நான் இதை என் ஊரில் கண்ணால் பார்த்தவன்.

பிச்சாவரத்தில் நனைந்த போன்

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. பேரூராட்சிதான், ஆனால் மனதளவில் கிராமம். எனக்குப் பதினாறு வயதாக இருந்தபோது எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருந்தார். எங்கள் எல்லோருக்கும் அவர் வெறும் 'அண்ணன்'. ஆண்டுக்கு ஒருமுறை எங்களைச் சுற்றுலா அழைத்துப் போவார். கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலின் விமானத்தை நான் முதலில் பார்த்தது அவர் தோளைத் தொட்டபடிதான்.

வண்டி பேசுவது அவர். வீடு வீடாகப் போய்ப் பணம் வாங்குவது அவர். விடியற்காலை மூன்று மணிக்குச் சமையல்காரர் பக்கத்தில் நின்று புளிசாதம் கட்டுவது அவர். வண்டியில் டிரைவர் தூங்காமல் இருக்கப் பேச்சுக் கொடுப்பது அவர். வாந்தி எடுத்த பையனுக்கு எலுமிச்சம்பழம் கொடுப்பதும் அவர்தான். நாங்கள் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டதைத் தவிர வேறெதுவும் செய்ததில்லை.

அந்த ஆண்டு பிச்சாவரம் போனோம். 38 பேர். படகிலிருந்து இறங்கும்போது அண்ணனின் சட்டைப் பையிலிருந்த போன் தண்ணீரில் விழுந்தது. பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் வண்டிக்காரர் எண், எங்கள் வீட்டு எண்கள், எந்தப் பையனின் அப்பா எங்கே வேலை செய்கிறார் என்ற விவரம் எல்லாம் அந்த ஒரு போனில்தான் இருந்தன. திரும்பும் வழியில் சேத்தியாத்தோப்பு தாண்டி வண்டி நின்றது. இருட்டிவிட்டது. அப்போது ஒரு பையனுக்கு வீசிங் வந்தது. உறிஞ்சும் மருந்து வீட்டிலேயே இருந்தது. "பையில வெச்சிருக்கேன், எடுக்கச் சொல்லுங்க" என்று சொல்ல அவன் அம்மா முந்தின நாள் போன் செய்திருக்கிறார். அண்ணன் அந்த நேரத்தில் வண்டி வாடகை பேரம் பேசிக்கொண்டிருந்தார். "சரிங்க அக்கா, சரிங்க அக்கா" என்று சொல்லியிருக்கிறார். மனதில் தங்கவில்லை. காலையில் புறப்பட்ட அவசரத்தில் பையனும் அந்தப் பையை விட்டுவிட்டு வந்துவிட்டான்.

அவன் முதுகைத் தடவியபடி சாலையோரம் அண்ணன் உட்கார்ந்திருந்த காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அந்தப் பக்கம் வந்த ஒரு புண்ணியவான் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பையன் பிழைத்தான். நாங்கள் ஊர் வந்து சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. பஸ் நிறுத்தத்தில் தாய்மார்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அண்ணனை அடிக்கவில்லை. ஆனால் யாரும் அவரிடம் பேசவும் இல்லை.

மறு ஆண்டு நாங்கள் போய்க் கேட்டபோது, "இனிமே என்னால முடியாதுடா தம்பி" என்றார். நான்கு ஆண்டுகள் எங்கள் தெருவில் சுற்றுலா இல்லை. அந்த நான்கு ஆண்டுகளில்தான் எங்களில் பலர் பைக்கில் கிணற்றுக்கும் ஏரிக்கும் தனியாகப் போகப் பழகினோம்.

அவரிடம் குறை இருந்தது என்று நான் நினைத்ததே இல்லை. ஏழு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்தார். ஒரு தலையில் ஏழு பேரின் நினைவு தங்காது.

கல்யாண வீட்டில் நமக்குத் தெரிந்தது

இத்தனைக்கும் வேலையைப் பிரித்துக்கொள்ளத் தெரியாத மக்கள் இல்லை நாம். ஒரு கல்யாண வீட்டைப் பாருங்கள். மொய் நோட்டில் ஒருவர் உட்காருவார். பக்கத்தில் பணம் எண்ண இன்னொருவர் கட்டாயம் இருப்பார். மொய்யை எழுதுபவரும் பணத்தை வாங்குபவரும் ஒரே ஆளாக இருப்பதில்லை. சாமான் அறைச் சாவி ஒரு மாமாவிடம். பந்தி விசாரிக்க ஒரு பெரியப்பா. பெண் வீட்டாருக்கு வண்டி அனுப்ப ஒரு மச்சான். வாசலில் சந்தனம் கொடுக்க அத்தை மகள்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அன்று காய்ச்சல் வந்தாலும் கல்யாணம் நிற்காது.

கோயில் திருவிழாவிலும் அப்படித்தான். ஒவ்வொரு நாள் மண்டகப்படிக்கும் ஒரு குடும்பமோ ஒரு தரப்போ பொறுப்பு. தர்கா சந்தனக்கூட்டிலும் விறகிலிருந்து விளக்கு வரை ஆள் பிரித்து நடப்பதைப் பார்க்கிறோம். தேர் நகரும்போது முட்டுக்கட்டை போடுபவருக்கு அதைத் தவிர வேறு வேலையே தரமாட்டார்கள். அவர் வடம் பிடிக்கக் கூடாது, சாமி கும்பிடக் கூடாது, சக்கரத்தை மட்டும் பார்க்க வேண்டும்.

கல்யாணத்துக்கும் தேருக்கும் இருக்கும் இந்தக் கட்டுப்பாடு பிள்ளைகளின் சுற்றுலாவுக்கு மட்டும் ஏன் இல்லை? சுற்றுலாவை விளையாட்டாக நினைக்கிறோம் என்பதுதான் காரணம். விளையாட்டுக்குப் போகிறவர்களுக்கு ஏற்பாடு எதற்கு என்ற எண்ணம். ஆற்றங்கரையில் பிள்ளைகளைப் பார்ப்பவரும் முட்டுக்கட்டைக்காரர் போலத்தான் இருக்க வேண்டும். அவர் குளிக்கக் கூடாது, செல்பி எடுக்கக் கூடாது, சோறு பரிமாறக் கூடாது. தண்ணீரையும் தலைகளையும் மட்டும் பார்க்க வேண்டும். அப்படி இருவர் கிடைக்காவிட்டால் அன்று தண்ணீர் பக்கம் போகக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத வேலை

சுற்றுலாவில் பாதி வேலை புறப்படும் முன்பே நடக்கிறது. அது யார் கண்ணிலும் படாததால் யாரும் பங்கு கேட்பதில்லை.

வண்டியை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் போர்டு வண்டிதானா, தகுதிச் சான்றும் காப்பீடும் நடப்பில் இருக்கின்றனவா, டிரைவர் முந்தைய இரவு வேறு சவாரி ஓட்டிவிட்டு வருகிறாரா என்று பார்க்க ஒருவர் நேரில் போக வேண்டும். வாடகை குறைவு என்று சொந்த உபயோக வண்டியை அமர்த்துவதும், சரக்கு ஏற்றும் மினி லாரியில் பிள்ளைகளை நிற்க வைத்துக் கூட்டிப்போவதும் இன்றும் நடக்கின்றன. விபத்து நடந்தால் காப்பீட்டுப் பணம்கூட வராமல் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. பேரம் பேசுபவரையே தாள்களைச் சரிபார்க்கச் சொன்னால், வாடகை குறைந்த மகிழ்ச்சியில் தாள்களைப் பார்க்க மறந்துவிடுவார். மொய் நோட்டில் இரண்டு பேர் உட்காருவதன் நியாயம் இங்கேயும் உண்டு.

அடுத்தது பிள்ளைகளின் விவரம். யாருக்கு வலிப்பு, யாருக்கு வீசிங், யாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, எந்தப் பிள்ளைக்கு நீச்சல் தெரியாது என்பதையெல்லாம் போனில் கேட்டு மனதில் வைத்துக்கொள்ள முடியாது. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அம்மாவிடம் கேட்டு, தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பொறுமையாகக் காது கொடுக்கும் ஒருவருக்கு ஏற்ற வேலை இது. அதே நாளில் சமையல் சாமானும் வாங்க வேண்டிய ஆளுக்கு அந்தப் பொறுமை வராது.

பிறகு தலை எண்ணுவது. நாற்பது பேரை ஒருவர் எண்ணினால் கட்டாயம் தப்பும். யாரோ குனிந்திருப்பார்கள், யாரோ இரண்டு முறை எண்ணப்படுவார்கள். ஆறு ஆறு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஆறுக்கும் ஒரு பையனையோ பெண்ணையோ பொறுப்பாக்கினால் எண்ண வேண்டிய தேவையே குறைந்துவிடும். தன் குழுவில் யார் இல்லை என்று அவனுக்கு முகம் பார்த்தே தெரியும்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முதல் சாரணர் முகாமிலேயே சுமார் இருபது சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூத்த பையன் ஒருவனைத் தலைவனாக்கினார். சாரணர் இயக்கம் உலகம் முழுதும் பரவியதற்கு அந்தச் சின்ன அணி முறையும் ஒரு காரணம். நம் பள்ளிகளில் சாரணர் படையும் நாட்டு நலப்பணித் திட்டமும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கமும் இருக்கின்றன. அவற்றில் கற்றதை ஊர்ச் சுற்றுலாவுக்குக் கொண்டுவரத்தான் நாம் யாரையும் கேட்பதில்லை.

பதினைந்து வயதுப் பையனிடம் ஆறு பேரை ஒப்படைப்பதா என்று பயப்படுபவர்கள் உண்டு. நான் பார்த்தவரை, சுமை கொடுத்தால் அந்த வயதுப் பிள்ளைகள் நம்மைவிடக் கவனமாக இருக்கிறார்கள். சும்மா உட்கார வைத்தால்தான் பாறை மேல் ஏறுகிறார்கள்.

பெண் பிள்ளைகள் ஏன் வருவதில்லை?

எங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் இளைஞர் சுற்றுலா என்றால் பையன்கள் சுற்றுலாதான். "பொம்பளப் புள்ளைய அனுப்ப மாட்டாங்க" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். சில அம்மாக்களிடம் காரணம் கேட்டபோது கிடைத்த பதில்கள் வேறு மாதிரி இருந்தன. கழிப்பறை எங்கே இருக்கும்? மாதவிலக்கு நேரமாக இருந்தால் யாரிடம் சொல்லுவாள்? திரும்ப இருட்டிவிட்டால் வீடு வரை யார் கொண்டுவந்து விடுவார்கள்? ஒரு தாய், "வழியில தொழுகைக்கு இடம் கேட்கக்கூட எம்புள்ள கூச்சப்படுவா" என்றார்.

இவற்றில் எதுவும் தீர்க்க முடியாதது இல்லை. ஆனால் திட்டம் போடும் கூட்டத்தில் ஐந்து ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்விகள் அங்கே எழவே எழாது. நான் சேர்ந்து நடத்திய ஒரு பயணத்தில், இடம் தேர்ந்தெடுக்கும் வேலையை இரண்டு அக்காமாரிடம் கொடுத்தோம். ஒருவர் சத்துணவு மையத்தில் வேலை பார்ப்பவர், இன்னொருவர் மகளிர் குழுவில் இருப்பவர். முந்தின வாரமே பஸ்ஸில் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். எந்த ஓட்டலில் கழிப்பறை சுத்தமாக இருக்கிறது என்பதைக்கூட எழுதிக்கொண்டு வந்தார்கள். அந்த ஆண்டு 11 பெண் பிள்ளைகள் வந்தார்கள். அதற்கு முன் ஒருத்தியும் வந்ததில்லை.

இதில் சட்டத்தின் பக்கமும் ஒன்று உண்டு. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் வரும் பயணத்தில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கும்படி எந்த ஏற்பாடும் கூடாது. தவறு நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். பொறுப்பைப் பலர் பகிர்ந்துகொண்டால் மறைவுக்கு இடம் குறையும். நல்ல மனிதர்கள்மீது வீண் பழி விழுவதும் குறையும்.

தெருவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பொறுப்பாளர்கள் எல்லோரும் ஒரே தெருவைச் சேர்ந்தவர்களாக இருந்தால் மற்றத் தெருக்காரர்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். அழைப்பு எல்லோருக்கும் போனாலும் அனுப்ப மாட்டார்கள். நோட்டில் தங்கள் தெருவின் ஒரு பெயர் இருந்தால் அனுப்புவார்கள். இதை வெளிப்படையாகப் பேச நமக்குத் தயக்கம் இருக்கிறது. தயங்கினால் சாதிக்கு ஒரு வண்டி என்றுதான் தொடர்ந்து போவோம்.

விபத்துகள் மாற்றிய விதிகள்

1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் சிறு துடுப்புப் படகில் போன பள்ளிப் பிள்ளைகளில் நான்கு பேர் இறந்தார்கள். மாயனூரில் இறந்த அதே எண்ணிக்கை. அந்த நாடு 1995இல் சாகசப் பயிற்சி மையங்களுக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தது.

நம் நாட்டிலும் மாற்றம் வந்ததுண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். அதன் பின் மலையேற்றத்துக்குத் தமிழ்நாடு அரசு விதிகள் வகுத்தது. காட்டுத்தீ காலமான பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றம் நிறுத்தப்படுகிறது. 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் அரசே மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் என்று வேலை பிரிக்கப்பட்டது.

மலைக்குக் கிடைத்த ஒழுங்கு ஆற்றுக்கும் ஏரிக்கும் கடற்கரைக்கும் இன்னும் கிடைக்கவில்லை. 2014 ஜூன் 8 அன்று இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றில் இறங்கிய ஐதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 24 பேர், மேலே லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்டார்கள். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். படகில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றப்பட்டிருந்தது; பலருக்கு உயிர்காப்பு உடை இல்லை. 'இத்தனை பேர் ஏறக் கூடாது, இறங்குங்கள்' என்று சொல்வதற்கென்றே கரையில் ஒருவர் நின்றிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பொறுப்பைப் பகிர்வது என்றால் வேலையைப் பகிர்வது மட்டும் அல்ல, வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் பகிர்வது. டிரைவர் கண் சொக்குகிறது என்று வண்டிப் பொறுப்பாளர் சொன்னால் வண்டி நிற்க வேண்டும். திட்டத்தில் இல்லாத தடுப்பணையைக் கண்டு பையன்கள் "அண்ணே, பத்து நிமிஷம்" என்று கெஞ்சும்போது, பொறுப்பாளர்களில் ஒரே ஒருவர் மறுத்தாலும் இறங்கக் கூடாது. தனி ஒருவரால் நாற்பது பேரின் ஆசைக்கு எதிரே நிற்க முடியாது. அண்ணனால் முடிந்ததில்லை. எழுதி வைத்த ஒப்பந்தம் இருந்தால் முடியும்.

என்ன செய்யலாம்?

முதலில் ஒரு நோட்டு. மொய் நோட்டு மாதிரி கெட்டி அட்டை போட்டது. போகும் இடம், புறப்படும் நேரம், திரும்பும் நேரம், நிற்கும் இடங்கள் முதல் பக்கத்தில். அடுத்த பக்கத்தில் வண்டி, சாப்பாடு, மருந்து, பணம், தண்ணீர், இடம் பார்த்தல் என்று ஒவ்வொரு வேலைக்கும் எதிரே இரண்டு பெயர்கள். ஒருவர் அனுபவப்பட்டவர், இன்னொருவர் இருபது வயதுக்குக் கீழே. மறு ஆண்டு அந்த இளையவர் மூத்தவராகி, புதிதாக ஒருவரைச் சேர்த்துக்கொள்வார். அப்போது ஓர் அண்ணன் களைத்துப் போனாலும் பயணம் நிற்காது.

பிள்ளைகளின் விவரத்தாளைக் கையால் எழுதியோ நகலெடுத்தோ மூன்று பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வண்டியில், ஒன்று மருந்துப் பெட்டியில், மூன்றாவது ஊரில். அந்த மூன்றாவது தாளோடு ஒருவர் ஊரிலேயே இருக்க வேண்டும். அவர் பயணத்துக்கு வரவே கூடாது. இவரை ஊர்ப் பொறுப்பாளர் என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பெற்றோரும் அவருக்குத்தான் போன் செய்ய வேண்டும். வண்டியிலிருந்து குறித்த நேரங்களில் அவருக்குத்தான் தகவல் வர வேண்டும். நான் சொல்லும் யோசனைகளில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். சேத்தியாத்தோப்பு சாலையில் எங்களுக்கு இல்லாமல் போனது அப்படி ஒரு ஆள்தான்.

பணத்துக்குக் கணக்கு எழுதுபவரும் செலவு செய்பவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். திரும்பிய ஒரு வாரத்துக்குள் வரவு செலவை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். மிச்சம் பத்து ரூபாய் என்றாலும் எழுதுங்கள். எத்தனையோ இளைஞர் மன்றங்கள் உடைந்தது பெரிய கொள்கைச் சண்டையில் அல்ல, வண்டி வாடகைக் கணக்கில்.

பள்ளிகளுக்கு ஆள் இல்லை என்ற குறை நியாயமானது. ஆனால் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோர் இருக்கிறார்கள். 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. சுற்றுலாவுக்கு உடன் வரும் பொறுப்பை இரண்டு ஆசிரியர்கள் தலையில் கட்டாமல் இவர்களையும் பெயர் சொல்லிச் சேர்க்கலாம். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலைதோறும் பிள்ளைகளோடு உட்கார்ந்த தன்னார்வலர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். பிள்ளைகளின் பெயரும் குணமும் தெரிந்தவர்கள் அவர்கள்.

தீயணைப்பு நிலையத்தாரை அழைத்தால் நீரில் மூழ்குபவரை எப்படிக் காப்பாற்றுவது, ஏன் கண்மூடித்தனமாகக் குதிக்கக் கூடாது என்று செய்து காட்டுவார்கள். ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர், அவரைக் காப்பாற்ற மற்றொருவர் என்று இறங்கித்தான் இத்தகைய விபத்துகளில் எண்ணிக்கை கூடுகிறது. கயிறு வீசவும், துப்பட்டாவோ வேட்டியோ நீட்டவும், 108க்கும் 112க்கும் இடத்தின் பெயரைத் தெளிவாகச் சொல்லவும் பொறுப்பாளர்கள் முன்கூட்டியே பழக வேண்டும். பேரூராட்சி நிர்வாகம் ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பயிற்சிக்கு இடம் கொடுத்தால் போதும்.

முதல் பயணம் பிச்சாவரமாகவோ கொல்லிமலையாகவோ இருக்க வேண்டாம். அரை நாளில் போய்த் திரும்பும் இடத்தில் பழகுங்கள். எங்களுக்கு விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. அகல் விளக்கும் பொம்மையும் மின்சாரத்துக்கான பீங்கானும் செய்யும் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும், அச்சில் மண் கூழ் ஊற்றுவதைப் பார்க்காத பிள்ளைகள்தான் எங்கள் ஊரில் அதிகம். பாரிஸ் சாந்து அச்சு, கூழில் இருக்கும் நீரை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். சுவரோரம் மண் படிந்து கெட்டியானதும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிடுவார்கள். அச்சைப் பிரித்தால் உள்ளே பொம்மை. ஒரு பிள்ளை அதை முதல்முறை பார்க்கும்போது முகத்தைக் கவனிக்க வேண்டும்.

அந்தச் சின்னப் பயணத்துக்கும் நோட்டு போடுங்கள். பட்டறைக்காரரிடம் முன்கூட்டி அனுமதி கேட்க இருவர், சூளைப் பக்கம் யாரும் நெருங்காமல் பார்க்க இருவர், பஸ்ஸில் ஏற்றி இறக்க இருவர், ஊரில் ஒருவர். அடுத்தது விருத்தாசலம் சந்திப்பிலிருந்து ரயிலில் வடலூர் போகலாம். வள்ளலார் 1867இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. சாப்பாட்டுக் கவலையும் இல்லை. அங்கே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளைகள், எழுந்து பரிமாறவும் கேட்கட்டும். ஜூலையில் நெய்வேலி புத்தகக் கண்காட்சி வரும். இப்படி மூன்று பயணம் நடத்தியவர்கள் நான்காவதாகப் பிச்சாவரம் போகலாம். உயிர்காப்பு உடையைப் போட்டுவிட்டு, வார் இழுத்துக் கட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு பிள்ளையாகத் தொட்டுப் பார்க்க இரண்டு பேர் பெயர் அப்போது நோட்டில் இருக்கும்.

எங்கள் ஊர் நோட்டில் ஊர்ப் பொறுப்பாளர் என்ற இடம் இன்னும் காலியாக இருக்கிறது. போன வாரம் அண்ணனைப் பார்க்கப் போனேன். தலை நரைத்துவிட்டது. வண்டி ஏற வேண்டாம், வீட்டிலேயே இருந்து பட்டியலை வைத்துக்கொண்டால் போதும் என்றேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாப் புள்ளைங்க வீட்டு நம்பரும் இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். "மருந்து மாத்திர விவரம்?" அதுவும் இருக்கும் என்றேன்.

"எழுதிக் கொண்டா தம்பி, பாக்குறேன்" என்றார்.